ஓசியானியாவில் சட்டம் இல்லை, மலையகத்தில் எல்லாம் சட்டப்படி நடந்தது

ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ நாவலில், முதல் சில பக்கங்களிலேயே ஒரு தகவல் வருகிறது. பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். வின்ஸ்டன் ஸ்மித் களவாக நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். அது சட்டப்படி குற்றமல்ல. ஓசியானியா என்ற அந்த நாட்டில் சட்டம் என்ற ஒன்றே இல்லாமற் போய்விட்டது. ஆனால் பிடிபட்டால் சாவு, இல்லாவிட்டால் குறைந்தது 25 ஆண்டு கட்டாய உழைப்பு முகாம் என்பது அவனுக்குத் தெரியும்.

ஸ்கொட்லாந்தின் ஜூரா தீவில் இருந்து ஓர்வெல் அந்த நாவலை எழுதி முடித்தது 1948 இன் கடைசியில். அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி இலங்கையில் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகம் எனப்படும் மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் இருந்த, இந்தியாவில் இருந்து வந்த தொழிலாளரின் வழிவந்த இலட்சக்கணக்கான மக்களை நாடில்லாதவர்களாக ஆக்கியது அந்தச் சட்டம். பாராளுமன்றத்தில் விவாதித்தார்கள், வாக்கெடுத்தார்கள், இலக்கம் போட்டு அச்சிட்டார்கள். நடுச்சாமத்தில் யாரும் கதவைத் தட்டவில்லை. கற்பனை சர்வாதிகாரத்தையும் நிசமான அடக்குமுறையையும் ஒப்பிட வேண்டுமென்றால் இந்த வித்தியாசத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். நாவல்களைப் படித்துப் பழகியவர்கள் ஆபத்து இரும்புத் தொப்பியும் பூட்சும் போட்டுக்கொண்டு வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மலைநாட்டில் அது விண்ணப்பப் படிவமாக வந்தது.

அந்தச் சட்டம் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1948 நவம்பர் 15 க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜை ஆவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தத் திகதிக்குப் பின் பிறந்தவரென்றால், அவர் பிறக்கும்போது தகப்பன் பிரஜையாக இருந்திருக்க வேண்டும்.

மஸ்கெலியாவில் 1920 இல் பிறந்த ஒரு தொழிலாளியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவருடைய அப்பா திருச்சிப் பக்கம் பிறந்து, தோட்டத்துக்கு ஆள் கட்டி, அதாவது கூலிக்கு ஆள் சேர்த்து, வந்தபோது இங்கே வந்தவர். ஆகவே மகன் பிரஜை இல்லை. இந்த மலையை விட்டு வெளியே ஒரு நாளும் போகாதவராக இருந்தாலும் இல்லை. அவருக்கு 1945 இல் மூத்த பையன் பிறக்கிறான். அவனுடைய தகப்பன் மஸ்கெலியாவில் பிறந்தவர் என்பதால், சட்டத்தின் எழுத்துப்படி அவன் பிரஜை. 1950 இல் இளையவன் பிறக்கிறான். அப்போது தகப்பன் பிரஜையல்ல, ஆகவே அவனும் இல்லை. ஒரே காம்பரா அறையில் ஒரே பாயில் படுக்கும் அண்ணன் தம்பியின் நடுவே அந்தத் திகதி விழுந்தது. மூத்தவனும் தப்பினான் என்று சொல்ல முடியாது. தகப்பன் 1920 இல் இங்கே பிறந்ததைப் பிறப்புச் சான்றிதழோடு காட்டவேண்டும். தோட்டத்துப் பிறப்புகள் எல்லாம் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கவில்லை. பதிந்திருந்தாலும் பெயர் ஒரு மாதிரியும் ஊர் ஒரு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். அதே கேள்வியைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் யாரிடமும் யாரும் கேட்டதில்லை.

சட்டத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல்லே இல்லை என்பதுதான் இதில் மிகவும் பயங்கரமான பகுதி. ஒரு இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக்கூடாது என்று சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதை நம்பி வழக்குப் போனது. வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடாக்கன் பிள்ளையின் வழக்கு அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953 இல் தோற்றது. எந்த இனத்தின் பெயரையும் சொல்லாத சட்டம், தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு இருக்கும் சாதாரண அதிகாரத்துக்குள் வருகிறது என்று கொள்ளப்பட்டது. காவலுக்கு நின்ற பிரிவு அப்படியே இருந்தது. காவல் மட்டும் இல்லாமற் போனது.

1949 இல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கைப் பிரஜைகளுக்கு மட்டும் என்றாக்கியது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 ஆசனங்கள் கிடைத்திருந்தன. 1952 இல் ஒன்றும் இல்லை. மற்றது இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். அதன்படி விண்ணப்பிக்க, மணமாகாதவர் தொடர்ந்து 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் இங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். காலக்கெடு இரண்டே ஆண்டு, 1951 ஆகஸ்ட் 5 வரை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு மட்டும். ஊரில் ஒரு சாவுக்கோ திருவிழாவுக்கோ போய்வந்ததால் ‘தொடர்ச்சி’ பற்றிக் கேள்வி எழும்பியது, பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, விசாரணை நாளில் ஆள் வந்துசேரவில்லை என்று கோப்புகள் தள்ளப்பட்டன. நாவலில் வரலாற்றைத் திருத்தி எழுதும் உண்மை அமைச்சு பழைய காகிதங்களை நெருப்புக் குழிக்குள் போட்டு எரிக்கிறது. இங்கே எரிப்பதற்கு அவசியமே இருக்கவில்லை. காகிதம் முதலிலேயே எழுதப்படாமல் இருந்தது போதுமாக இருந்தது.

இனி அந்தத் திரைக்கு வருவோம். வின்ஸ்டனின் வீட்டுச் சுவரில் இருக்கும் திரை அவனைப் பார்க்கும், அவன் பேசுவதைக் கேட்கும், அவனால் அதை முழுதாக அணைக்க முடியாது. வாசகர் மனதில் சர்வாதிகாரம் என்றாலே அந்தத் திரைதான். நிசமான கண்காணிப்பு ஆட்களை வைத்து நடப்பது, அதற்குச் செலவும் அதிகம். கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் பொலிசான ஸ்டாசிக்கு 1989 இல் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர் இருந்தார்கள். ஏறத்தாழ ஒரு கோடி அறுபது இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டுக்கு அவ்வளவு பேர். தேயிலைத் தோட்டத்தில் ஆயிரம் பேரை ஒரு துரை (தோட்ட மேலாளர்), ஒரு சின்னத்துரை (உதவி மேலாளர்), கிளாக்கர், கண்டக்கையா, கணக்கப்பிள்ளை, ஆட்களை மேய்க்கும் சில கங்காணிமார் கட்டியாண்டார்கள். அது எப்படி முடிந்தது?

பதில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இருக்கிறது. விடியற்காலையில் தப்புப் பறை அடிக்கும். ஆட்கள் களத்தில் வந்து நிற்பார்கள், எந்த மலைக்கு யார் என்று பிரிப்பார்கள், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஆளின் பெயர் மட்டுமல்ல, அன்றைய நாட்கூலியும் அதுதான். “இன்னைக்குப் பேர் இல்ல” என்றால் இன்றைக்குச் சம்பளம் இல்லை. பிந்தி வந்தால் திருப்பி அனுப்பலாம். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர். இந்த நிறுவைக் கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். 16 கிலோ என்பார்கள், 18 என்பார்கள், 20 என்பார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு போடும்போது ஈரத்துக்கும் கூடைக்கும் என்று சில கிலோவைக் கழிப்பது இன்றைக்கும் சண்டைக்குக் காரணம். ஒருவர் யாரோடு கூட்டம் போட்டார், என்ன பேசினார் என்று மனதுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அந்த மாதம் அவருக்கு எத்தனை பேர் விழுகிறது என்பது ஒரு பென்சிலின் கையில் இருந்தால் போதும்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயமும் அதற்குத் தோதாகக் கட்டப்பட்டது. 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவுக்குக் கேட்கும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும். ஒரு கிழவன் வேலையை விட்டு நின்றாலும் வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற பயத்தில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு நின்றது. எந்தத் திரையும் இதற்குத் தேவைப்படவில்லை.

ஓர்வெலின் நாவலில் பெரும்பான்மைச் சாமானிய மக்களைப் பற்றி வரும் பகுதி மலையக வாசகரை யோசிக்கவைக்கும். சனத்தொகையில் 85 வீதமான உழைப்பாளிகளைக் கட்சி கண்டுகொள்வதே இல்லை, பெரும்பாலான வீடுகளில் திரைகூட இல்லை. கண்காணிக்கப்படுவது நடுத்தரக் கட்சி ஊழியர்கள். வின்ஸ்டன் ஒரு எழுதுவினைஞன், அவனுடைய வேதனை சிந்திக்கிறவனின் வேதனை. ஓர்வெல் பர்மாவில் 1922 முதல் 1927 வரை காலனிப் பொலிசில் வேலை பார்த்தவர், அடக்குமுறையின் முகம் தெரிந்தவர். அப்படியிருந்தும் இந்த ஒரு இடத்தில் நாவலின் பார்வை மேல்மட்டத்திலேயே நின்றுவிட்டது என்பது எங்கள் அபிப்பிராயம். நிச உலகில் மிகவும் எண்ணப்பட்டவர்கள், பதியப்பட்டவர்கள், நிறுக்கப்பட்டவர்கள் உழைக்கும் சனங்கள்தான்.

எண்ணுவதன் நோக்கம் ஆளை நகரவிடாமல் வைப்பது. மலைநாட்டில் அதற்கு வழக்கத்தில் இருந்த கருவிக்குப் பெயரே துண்டு. கங்காணி ஆள் கட்டித் தோட்டத்தில் இருந்து முற்பணம் வாங்குவார். கப்பல் செலவு, சாப்பாடு, கம்பளி, தலைக்கு இவ்வளவு என்று அந்தக் கடன் தொழிலாளியின் கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்கு மாறவேண்டும் என்றால் துரை ஒரு சின்னக் காகிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனை ஆள், இவ்வளவு கடன், இதைக் கட்டுகிறவர் கூட்டிப்போகலாம் என்பது அதன் சாரம். புதுத் தோட்டம் பழைய கடனைக் கட்டிவிட்டு அதையே தன் கணக்கில் எழுதும். அதற்கு மேல் கங்காணி இன்னும் கொஞ்சம் முற்பணம் கேட்பார், அதுவும் ஆட்களின் தலையில் ஏறும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் கடன் வளர்ந்தது, குறைந்ததே இல்லை. 1921 இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பழைய தோட்டம் விடுவித்ததைக் காட்டும் பத்துச்சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலை கேட்க முடியாமல் இருந்தது.

இதை இந்த மலைக்கு மட்டும் உரிய கொடுமை என்று நினைக்க வேண்டாம். சோவியத் ஒன்றியத்தில் 1932 டிசம்பரில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு கொண்டுவரப்பட்டது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. கடவுச்சீட்டு இல்லாமல் நகரத்தில் குடியிருக்க முடியாது. ஆகவே அவர்கள் பண்ணையோடு கட்டுண்டார்கள். அவர்களுக்கும் அது உரித்தாகும் என்ற விதி வந்தது 1974 இல். ஒரு பக்கம் பிரித்தானியத் தேயிலைக் கம்பனி, மறுபக்கம் தொழிலாளர் அரசு என்று பெயர் வைத்த அரசு. இரண்டும் ஆளை மண்ணோடு கட்டப் பிடித்த கயிறு ஒன்றே, ஒரு காகிதம்.

மனதைப் பிடிக்கும் வேலைக்கு வருவோம். நாவலின் கடைசிப் பகுதியில் வின்ஸ்டனைச் சித்திரவதை செய்கிற ஓபிரையனுக்கு வெறும் ஒப்புதல் போதாது. இரண்டும் இரண்டும் ஐந்து என்று அவன் உண்மையாகவே நம்ப வேண்டும், தலைவனை நேசிக்க வேண்டும். இலக்கியத்தில் அது பெரிய கட்டம். இலங்கையின் 1979 ஆம் ஆண்டு 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு யாருடைய நம்பிக்கையும் வேண்டாம், கையெழுத்து போதும். அதன் 16 ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்கலாம். வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மேல். சாதாரண சட்டத்தில் பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லாது. 9 ஆம் பிரிவின்படி அமைச்சர் கையெழுத்திட்டால் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை வழக்கில்லாமல் உள்ளே வைக்கலாம். 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது.  இந்தச் சட்டத்தை மூன்று ஆண்டுக்கு என்று கொண்டுவந்து, 1982 இல் நிரந்தரமாக்கினார்கள்.

நாவலில் அதிகாரம் மொழியைச் சுருக்குகிறது, ஆண்டுக்காண்டு அகராதி மெலிகிறது, எதிர்த்துச் சிந்திக்கச் சொல்லே இல்லாமல் ஆகிறது. இங்கே மொழி சுருங்கவில்லை. சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான 1956 க்குப் பிறகு அரசாங்கத்தின் காகிதம் வேறு மொழியில் வந்தது, அவ்வளவுதான். ஒருவர் தனக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் வைத்து, அதை மட்டுமே கொண்டு பல பத்தாண்டுச் சிறை பெற்ற வழக்கு ஒன்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வரை போனது. அவருடைய உரிமை மீறப்பட்டதென்று 2004 இல் அக்குழு சொன்னது. 1980 களிலும் 90 களிலும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்கள் இந்தச் சட்டத்தையும் அவசரகால விதிகளையும் தோலில் அறிந்தவர்கள். சுற்றிவளைப்பு என்றால் முதற் கேள்வி அடையாள அட்டை. அது இல்லாத பையன் சந்தேக நபர். அவனுக்கு அது ஏன் இல்லை என்பதற்கான விடை 1948 இல் இருந்தது.

ஒரு விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். தோட்டம் ஓசியானியா அல்ல, சைபீரிய முகாமும் அல்ல. ஓசியானியாவில் ஓட்டை இல்லை. எதிர்ப்பு இயக்கமே பொலிஸ் விரித்த வலையாகத் தெரிகிறது. நிசமான அடக்குமுறையில் ஓட்டைகள் எப்போதும் உண்டு, அதில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. தோட்டம் தனியார் நிலம், வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக மூட்டை தூக்கிக்கொண்டு லயத்துக்குள் போனார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பிரச்சாரம் செய்தார், எழுத்துத் தெரியாதவருக்கும் பாட்டு நினைவில் நிற்கும். 1937 இல் மார்க் அன்டனி பிரேஸ்கேர்டல் என்ற அவுஸ்திரேலியச் சின்னத்துரை தொழிலாளர் பக்கம் பேசியதற்காக ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. ஓசியானியாவில் அப்படி ஒரு நீதிமன்றத்தைக் கற்பனை செய்யவும் முடியாது. ஆனால் மூன்றே ஆண்டில், 1940 ஜனவரி 10 ஆம் திகதி, முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். 1977 மே 11 ஆம் திகதி டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்த சிவனு லெட்சுமணன் அதேபோலச் சுடப்பட்டார். நீதிமன்றமும் துப்பாக்கியும் ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெள்ளைக்காரச் சின்னத்துரைக்கு ஒன்று கிடைத்தது, கொழுந்து எடுக்கிறவருக்கு மற்றது கிடைத்தது.

ஜனநாயகமும் தேர்தலும் இருக்கும் நாட்டை இப்படி ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்வார்கள். இலங்கையில் 1931 இலேயே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது உண்மை. அதனால்தான் இந்த ஒப்பீடு அவசியமாகிறது. ஓசியானியா எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுகிறது. நிசத்தில் அடக்குமுறை ஒரு வேலியின் இந்தப் பக்கம் விழும், அந்தப் பக்கத்தில் தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

1984 என்ற ஆண்டு உண்மையிலேயே வந்தபோது இங்கே என்ன நடந்தது? 1964 அக்டோபர் 30 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யார் எங்கே போக விரும்புகிறார்கள் என்று கேட்ட பிறகு போட்ட கணக்கல்ல இது. முதலில் எண், பிறகு ஆள். இந்தியக் கடவுச்சீட்டு கையில் வந்து, பேர் வெட்டப்பட்டு, சேமலாப நிதிக் காசுக்காகவும் கப்பல் முறைக்காகவும் லயத்திலேயே காத்துக்கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1984 இல் போர் காரணமாகத் தலைமன்னார் கப்பல் நின்றது. காத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள், அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அவர்களில் பலருக்கு முடிவு கிடைத்தது பிரஜாவுரிமை கொடுத்த 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில்.

அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டை எண்ணில் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்ட வேண்டும். 1958 பெப்ரவரி 1 இல் பிறந்த ஆணுக்கு 58032 என்று தொடங்கும், பெண்ணுக்கு 58532. கடைசி எழுத்து வீ என்றால் வாக்குரிமை உள்ளவர், எக்ஸ் என்றால் இல்லாதவர். மனிதரை எண்ணால் அழைக்கும் நாட்டைப் பற்றிய நாவலை 1920 களிலேயே ரஷ்யர் சமியாத்தின் எழுதிவிட்டார். ஆனால் அந்தக் கற்பனை எண்ணில்கூட இப்படி ஒரு வால் எழுத்து இல்லை. 2016 இல் 12 இலக்கப் புது எண் வந்தபோது அந்த எழுத்து போய்விட்டது.

அட்டைக்கு விண்ணப்பிக்கும் வழி இன்னும் ஒன்றைச் சொல்லும். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்துவார், கிராமத்தவருக்குக் கிராம உத்தியோகத்தர். தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்ட அதிகாரி உறுதிப்படுத்தும் ஏற்பாடு நெடுங்காலம் நடந்தது. முதலாளிதான் ஒருவர் நாட்டின் ஆள் என்று சொல்ல வேண்டியவர். சந்தா எந்தச் சங்கத்துக்குப் போகிறது, போன மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது என்று தெரிந்த அதே மேசை. பிறப்புச் சான்றிதழே இல்லாதவருக்கு வேலை இன்னும் நீளும். முதலில் பிரதேச செயலகத்தில் பிறந்த ஆண்டைச் சுற்றிச் சில ஆண்டுகளின் பதிவேடுகளைத் தேடச்சொல்லி விண்ணப்பம் போட்டு, பதிவு இல்லை என்ற தேடல் முடிவை எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு பாடசாலை அனுமதிப் பதிவு, கிளினிக் அட்டை, கோயில் அல்லது ஞானஸ்நானப் பதிவு என்று கிடைத்ததை இணைத்து உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போடவேண்டும். இங்கே வழக்கமாகச் சறுக்குவது பெயரில். அப்பாவின் பெயர் ஒரு தாளில் முத்தையா, இன்னொன்றில் முத்து, செக்ரோலில் முத்தன் என்று இருக்கும். மூன்றும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்காமல் கொண்டுபோனால் கோப்பு திரும்பி வரும்.

அப்படித் திரும்பி வரும் கடிதமும் நேரே வீட்டுக்கு வராது. லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் தபால் தோட்ட ஆபீசுக்குப் போய், பையில் கிடந்து, யாராவது லயத்துப் பக்கம் வரும்போதுதான் கைக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்து மூன்றாம் நாள் அழைப்புக் கடிதத்தை வாங்கிய பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். இதற்குப் பழைய ஆட்கள் கண்டுபிடித்த வழி இன்னும் செல்லும். விண்ணப்பத்தில் முகவரிக்கு டவுனில் தெரிந்த கடை ஒன்றைக் கொடுப்பார்கள். எல்லாத் தாளிலும் இரண்டு போட்டோ கொப்பி எடுத்து, ஒன்றைத் தகரப்பெட்டியிலும் மற்றதை வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டிலும் வைப்பார்கள். லயத்தில் தீப்பிடித்தாலும் மண் சரிந்தாலும், கலவரம் வந்து விட்டுவிட்டு ஓடினாலும் ஒன்றாவது மிஞ்சும்.